கணக்கெடுத்தவர்களும் கையேந்தியவர்களும்: லெபனான் மலைப் பஞ்சம், 1915-1918

எகிப்தில் யோசேப்பு களஞ்சியங்களை நிரப்பிய வரலாற்றைக் கேட்கும்போதெல்லாம் நம் கண் களஞ்சியத்தின் மீதே நிலைத்துவிடுகிறது. கழுதைகளின் மேல் வெறுஞ் சாக்குகளைப் போட்டுக்கொண்டு கானானிலிருந்து புறப்பட்ட சகோதரர்கள் நடந்த பாதையை நாம் அதிகம் எண்ணுவதில்லை. அந்தப் பாதை அடைபட்டிருந்தால், களஞ்சியம் நிறைந்திருந்தும் யாக்கோபின் வீடு பட்டினியால் மடிந்திருக்கும். முதல் உலகப் போரின் நடுவில், விவிலியம் கேதுரு மரங்களுக்காகப் போற்றுகின்ற லெபனான் மலையில் ஏறத்தாழ அதுவே நிகழ்ந்தது.

அம்மலையின் அரசியல் அமைப்பே விந்தையானது. 1860ஆம் ஆண்டில் மாரோனியக் கிறிஸ்தவர்களுக்கும் துரூசியருக்கும் இடையே பெருங்கொலைகள் நிகழ்ந்தன. அவற்றைத் தொடர்ந்து 1861இல் ஐரோப்பிய வல்லரசுகளும் துருக்கிப் பேரரசும் கூடி மலைக்கென ஒரு தனி ஆட்சியை ஏற்படுத்தின. ஆளுநர் துருக்கியப் பேரரசின் குடிமகனாகவும் கிறிஸ்தவராகவும் இருக்கவேண்டும்; ஆனால் லெபனானியராக இருத்தல் ஆகாது; வல்லரசுகளின் இசைவும் வேண்டும். இதனால் பெய்ரூட்டில் இருந்த கான்சல்கள், அதாவது வணிகத் தூதர்கள், வெறும் வணிகத் தூதர்களாக நிற்கவில்லை. மலையில் யார் யாரோடு பேசுகிறார், எந்த மண்டியில் கோதுமை என்ன விலை, எந்த ஊரில் விளைச்சல் எப்படி என்பதெல்லாம் அவர்கள் வழியாகப் பாரீசுக்கும் இலண்டனுக்கும் வியன்னாவுக்கும் சென்றுகொண்டிருந்தன. அக்காலத்தில் உலகில் இவ்வளவு கூர்ந்து நோக்கப்பட்ட மலைநாடு வேறொன்று இருந்திருக்குமா என்பது ஐயமே.

ஆனால் எல்லை வகுத்தவர்கள் வயிற்றை மறந்துவிட்டார்கள். பெய்ரூட், திரிப்பொலி, சீதோன் ஆகிய துறைமுகங்கள் மலைக்கு வெளியே விடப்பட்டன. கிழக்கே கோதுமை விளையும் பெக்கா சமவெளி டமாஸ்கஸ் மாகாணத்தோடு நின்றது. சாலே என்னும் ஊரை எடுத்துக்கொள்வோம். அது பேர்பெற்ற தானியச் சந்தை. ஊர் மலை ஆட்சிக்கு உட்பட்டது. ஊரைவிட்டு இறங்கினால் கண்ணுக்கெட்டிய தூரம் விரியும் கோதுமை வயல்களோ வேற்று மாகாணத்தவை. மலையின் சொந்த விளைச்சல் ஆண்டில் சில மாதங்களுக்கே போதுமானதாக இருந்தது. எஞ்சிய மாதங்களுக்கான தானியம் பெக்காவிலிருந்தும், தெற்கே ஹவ்ரான் சமவெளியிலிருந்தும் வரவேண்டும்.

அமைதிக் காலத்தில் இதை யாரும் குறையாக எண்ணவில்லை. மலை மக்கள் படிக்கட்டு வயல்களில் முசுக்கட்டை என்னும் மல்பெரி வளர்த்துப் பட்டுப்புழு வளர்த்தனர். பட்டு, பிரான்சின் லியோன் நகருக்குச் சென்றது. பல்லாயிரவர் அமெரிக்க நாடுகளுக்குக் குடிபெயர்ந்து ஊருக்குப் பணம் அனுப்பினர். அந்தப் பணத்தில் மார்செய்ல் துறைமுகத்திலிருந்து சிவப்பு ஓடுகள் வரவழைத்து வீடு வேய்ந்தனர். பட்டை விற்றுக் கோதுமை வாங்குவது உழுது கோதுமை விளைப்பதைவிட இலாபம் என்ற கணக்கு கடல் திறந்திருக்கும் வரையில் சரியான கணக்கே.

1914ஆம் ஆண்டின் இறுதியில் துருக்கி போரில் இறங்கியது, கணக்கு தலைகீழாயிற்று. பட்டு தேங்கியது, அமெரிக்கப் பணம் வரும் வழி குறுகியது, துருக்கிப் படை தானியத்தையும் சுமை விலங்குகளையும் கைப்பற்றியது. 1915 மார்ச்சு முதல் வெட்டுக்கிளிகள் வானத்தை மூடி வந்து பசுமையனைத்தையும் தின்று தீர்த்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் பிரான்சும் பிரித்தானியாவும் சிரியக் கடற்கரை முழுவதையும் முற்றுகைக்கு உட்பட்டதாக அறிவித்தன. நான்காம் படையின் தலைவரான ஜெமால் பாஷா, அனுமதிச் சீட்டு இல்லாமல் மலைக்குத் தானியம் ஏறக்கூடாது என்று கட்டுப்பாடு விதித்தார்.

இத்தனைக்கும் உள்நாட்டில் தானியம் அறவே இல்லாமற்போகவில்லை என்பதை நாம் கருத்தில் கொள்ளவேண்டும். ஹவ்ரான் உழவன் விதைத்தான், அறுத்தான். ஆனால் அரசு அவனுக்குக் காகித லிராவைக் கொடுத்தது. அவனோ பொன் கேட்டான். 1917ஆம் ஆண்டு முடிவதற்குள் காகித லிரா பொன் லிராவில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குச் சரிந்துவிட்டபோது, அவன் குதிரைத் தாளியைப் போல் தானியத்தைக் குழிகளில் மறைத்ததில் வியப்பென்ன? இரயிலுக்கு நிலக்கரி இல்லை. ஒலிவ மரங்களையும் மல்பெரி மரங்களையும் வெட்டி எஞ்சின்களில் எரித்தார்கள். கிடைத்த பெட்டிகள் படைக்கே முதலில் சென்றன. எஞ்சிய பெட்டி ஒன்றைப் பெறவும், அனுமதிச் சீட்டு ஒன்றைப் பெறவும் அதிகாரிகளின் தயவு வேண்டும். அந்தத் தயவைப் பெற்ற வணிகர் கொழுத்தனர். பெய்ரூட்டில் இவ்வாறு பொருள் குவித்தவர்களுள் கிறிஸ்தவ வணிகரும் இருந்தனர் என்பதை மறைப்பதால் பயனில்லை. மலையில் மக்கள் மார்செய்ல் ஓடுகளைக் கழற்றி விற்றனர். பின்பு உத்திரங்களை விற்றனர். பின்பு வீடு என்று சொல்ல நான்கு சுவர்களே நின்றன.

நோக்கிக்கொண்டிருந்தவர்கள் என்ன செய்தார்கள்? பிரெஞ்சுக் கான்சல் ஜார்ஜ் பிக்கோ 1914இல் பெய்ரூட்டை விட்டு வெளியேறியபோது தூதரகத்தின் ஆவணங்களை அங்கேயே விட்டுச் சென்றார். அமெரிக்க முத்திரையிட்டுப் பூட்டப்பட்டிருந்த அக்கட்டடத்தைத் துருக்கியர் திறந்தனர். பிரான்சின் உதவி வேண்டி உள்ளூர்ப் பெரியவர்கள் முன்பு எழுதியிருந்த மடல்கள் அவர்கள் கையில் சிக்கின. 1915 ஆகஸ்டில் பதினொருவர் பெய்ரூட்டில் தூக்கிலிடப்பட்டனர். 1916 மே 6ஆம் நாள் பெய்ரூட்டிலும் டமாஸ்கஸிலும் இருபத்தொருவர். இறந்தவர்களில் இசுலாமியரும் உண்டு, கிறிஸ்தவரும் உண்டு. அதே மே மாதத்தில்தான் அந்நிலப்பரப்பைப் பிரித்துக்கொள்ளும் இரகசிய உடன்பாடு பிரான்சுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையே முடிவாயிற்று. அவ்வுடன்பாடு இன்றளவும் அதே பிக்கோவின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எஞ்சியிருந்த பெருந்தூதரகம் போரில் சேராத அமெரிக்காவினுடையது. கான்சல் ஹோலிஸ் பட்டினியைக் குறித்துத் தம் அரசுக்கு அறிவித்துக்கொண்டிருந்தார். நியூயார்க்கில் நிதி திரட்டிய குழுவின் செயலாளர் கவிஞர் கலீல் கிப்ரான். 1916இல் உதவிக்கு இசைவு கேட்டபோது, இவ்வாண்டு சிரியாவில் விளைச்சல் நன்றாயிருக்கிறது, அயலார் உதவி வேண்டியதில்லை என்பது துருக்கி அரசின் மறுமொழி. முற்றுகையைத் தளர்த்தினால் உணவு பகைவன் படைக்கே போய்ச் சேரும் என்பது நேசநாடுகளின் வாதம். இரு வாதங்களிலும் ஓரளவு உண்மை இருந்தது என்பதே நம்மை மிகவும் வருத்துகிறது. ஒருவர் கையில் பசி முற்றுகைக்கு எதிரான சான்று. மற்றவர் கையில் அது துருக்கியின் கொடுமைக்குச் சான்று. சான்றாகிவிட்ட பசியை ஆற்ற எவருக்கும் அவசரம் இல்லை. அமெரிக்காவிலிருந்து அவ்வாண்டு திசம்பரில் உணவும் உடையும் ஏற்றிப் புறப்பட்ட ‘சீசர்’ என்னும் கப்பல் அலெக்சாந்திரியாவோடு நின்றது; பெய்ரூட்டைக் காணவில்லை. 1917 ஏப்ரலில் துருக்கி அமெரிக்காவோடு உறவை முறித்தது. அந்தக் கண்ணும் மூடியது.

உதவி வந்தது சிறிய வழிகளில்தான். பெய்ரூட்டில் இருந்த அமெரிக்க மிஷன் அச்சகம், கடல் கடந்த உறவினர் அனுப்பிய பணத்தை மலையூர்களுக்குச் சேர்ப்பிக்கும் வங்கியாகவே மாறியது. கரைக்கு அருகிலுள்ள அர்வாத் தீவைப் பிரெஞ்சுக் கடற்படை 1915 செப்டம்பரில் பிடித்திருந்தது. அங்கிருந்து இருளில் பொற்காசுகள் கரையேறி, குருக்களின் கைமாறி, மாரோனிய முதுபெரும் தந்தை எலியாஸ் ஹுவாயெக் அவர்களைச் சேர்ந்தன. பிடிபட்டால் தூக்குமரம் என்பதைக் கொண்டுசென்றவர்கள் அறிந்திருந்தனர். யோசேப்பு ஹாயெக் என்ற மாரோனியக் குரு 1915 மார்ச்சிலேயே டமாஸ்கஸில் தூக்கிலிடப்பட்டிருந்தார்.

ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் வாழ்ந்த மலையில் பட்டினியாலும் நச்சுக் காய்ச்சலாலும் இறந்தோர் ஒரு இலட்சம் முதல் இரண்டு இலட்சம் வரை என மதிப்பிடுகின்றனர். விலைகளையெல்லாம் எழுதிவைத்த அத்தனை அலுவலகங்கள் இருந்தும், இறந்தவர்களை எண்ணி எழுதிய ஏடு ஒன்றும் இல்லை. 1918 அக்டோபர் 8ஆம் நாள் பெய்ரூட்டுக்குள் நுழைந்த படைப்பிரிவு இந்தியப் படையைச் சேர்ந்த மீரட் டிவிஷன். நம் நாட்டு வீரர்கள் அந்த எலும்புக்கூடுகளைக் கண்ட முதல் அயலாரில் சிலராயினர்.

1919இல் முதுபெரும் தந்தை ஹுவாயெக் எழுபத்தைந்து வயதைக் கடந்த நிலையில் பாரீசு அமைதி மாநாட்டுக்குச் சென்றார். அவருடைய கோரிக்கைகளில் பழம்பெருமையைப் பற்றிய வாதங்கள் பலவுண்டு. ஆயினும் அவர் அழுத்திக் கேட்டவற்றுள் பெக்காவின் வயல்களும் கடற்கரைத் துறைமுகங்களும் இருந்தன. பட்டினியைக் கண்ட ஒருவர் வேறு எதைக் கேட்பார்? அவ்வாண்டுக் கோடையில் அமெரிக்கா அனுப்பிய கிங்-கிரேன் குழு ஊர் ஊராகச் சென்று மக்களின் விருப்பத்தைக் கேட்டது. பெரும்பான்மையோர் பிரிக்கப்படாத சிரியாவையே விரும்பினர் என்று அறிக்கை எழுதியது. அந்த அறிக்கையும் பெட்டிக்குள் போய், 1922இல்தான் வெளியாயிற்று.

அதற்குள் 1920 செப்டம்பர் 1ஆம் நாள் பெரிய லெபனான் அறிவிக்கப்பட்டிருந்தது. பெக்காவும் பெய்ரூட்டும் திரிப்பொலியும் மலையோடு சேர்ந்தன. சாலே நகரத்தார் இறங்கிப் பார்த்த வயல்கள் இப்போது அவர்கள் நாட்டினுடையவை. அவ்வயல்களை உழுதவர்களில் மிகப் பலர் ஷியா, சன்னி இசுலாமியர்; புதிய எல்லைக்கு அவர்களுடைய ஒப்புதலைக் கேட்டு யாரும் காத்திருக்கவில்லை.