ஐ.என்.எஸ். குர்சுரா

ஐ.என்.எஸ். குர்சுரா (எஸ்20), இந்தியக் கடற்படையில் 1969 முதல் 2001 வரை இருந்த டீசல்-மின் நீர்மூழ்கிக் கப்பல். சோவியத் ஒன்றியத்திடம் வாங்கிய கல்வரி வகைக் கப்பல்கள் நான்கில் கடைசியாக வந்தது இது. 1969 டிசம்பர் 18 அன்று ரீகாவில் பணியில் சேர்ந்தது. சூயஸ் கால்வாய் மூடிக் கிடந்த காலம் அது. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டுதான் 1970இல் இந்தியா வந்தது. 91 மீட்டர் நீளம், 10 டார்பிடோ குழாய்கள், 22 டார்பிடோக்கள்.

இன்று விசாகப்பட்டினத்தில் இதைக் காண வருவோருக்கு இது 1971 இந்திய-பாகிஸ்தான் போரின் வீரக்கப்பல். அந்தப் புகழ் இதன் வரலாற்றை ஒருபக்கமாகச் சாய்க்கிறது. போரையொட்டி அரபிக்கடலில் ரோந்து சென்றது உண்மை. ஆனால் எந்தக் கப்பலையும் மூழ்கடிக்கவில்லை. டிசம்பர் 9 அன்று பாகிஸ்தானின் நீர்மூழ்கி ஹங்கோர், இந்தியாவின் போர்க்கப்பல் குக்ரியை மூழ்கடித்ததே என்று ஒப்பிடுவோர் உண்டு. அது நியாயமல்ல. குறித்த கப்பல் தடங்களைக் கடக்கக் கூடாது, தனி உத்தரவின்றித் தாக்கக் கூடாது என்ற கட்டுப்பாடுகளுடன்தான் குர்சுரா அனுப்பப்பட்டிருந்தது. அதன் கையைக் கட்டியது மேலிடத்து முடிவு. மாலுமிகளின் திறமையை அதைக் கொண்டு எடைபோட முடியாது.

குர்சுராவைப் பற்றி அதிகம் சொல்வது வேறொரு எண். 31 ஆண்டுகளில் அது கடந்த தொலைவு 73,500 கடல் மைல். ஆண்டுக்குச் சராசரி 2,400க்கும் குறைவு. மணிக்கு 10 கடல் மைல் வேகத்தில் பத்து நாள் ஓட்டம். காரணம், 1975இல் இதைக் கரையோரம் நிறுத்திவிட்டு, இதன் பாகங்களைக் கழற்றி மற்ற கப்பல்களுக்குப் பொருத்தினார்கள். 1980 செப்டம்பரில் தொடங்கிய பெரும் பழுதுபார்ப்பு 1982 ஏப்ரல் வரை நீண்டது. முழுப் பணிக்குத் திரும்பியது 1985இல்தான். வாங்கி ஆறே ஆண்டில் பிரித்தெடுத்தது நிர்வாகத் தோல்விதானே என்று கேட்கலாம். உதிரிபாகங்களுக்கு அயல்நாட்டை நம்பியிருந்த கொள்முதல் முறையின் தோல்வி என்றால் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் நான்கும் அரைகுறையாக ஓடுவதைவிட, ஒன்றை நிறுத்தி மூன்றைக் கடலுக்கு அனுப்புவதே மேல். அந்தப் பத்தாண்டில் குர்சுராவின் பணியை அறிய மற்ற மூன்றின் பயணங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2001 பிப்ரவரி 27 அன்று ஓய்வு பெற்றது. பின்னர் விசாகப்பட்டினத்தின் ராமகிருஷ்ணா கடற்கரையில் மணல்மேல் இழுத்தேற்றப்பட்டு, 2002 ஆகஸ்டில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.