பகடையும் குடவோலையும்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் என்னும் சிற்றூரில் கிடைத்த செப்பேடு, பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது, கி.பி. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சார்ந்தது. அவ்வூர் மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கு ஒரு பங்கு ஒதுக்கப்பட்ட செய்தி அதில் காணப்படுகிறது. அந்தப் பாரதத்தில்தான் பகடையாட்டம் ஒன்று நாட்டையே பறித்துவிடுகிறது. அப்படியானால் தற்செயலிடம் முடிவை ஒப்படைப்பது எப்போதும் கேடுதானா?

அதே மாவட்டத்து உத்திரமேரூர் வேறு விடை தருகிறது. அங்குள்ள முதலாம் பராந்தக சோழனின் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விளக்குகின்றன. 30 குடும்புகள், வயது 35க்கு மேல், 70க்குள், கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், சொந்த மனையில் வீடு. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நீக்கப்பட்டனர். தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கினர். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். மத்தியஸ்தர் ஐந்து விரல்களையும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கி, அனைவரும் கேட்கப் படித்தார். இவ்வாறு குடும்புக்கு ஒருவராக 30 பேர் தேர்ந்தனர்: 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் சென்றனர். வேதக் கல்வியும் தகுதியாக இருந்ததால், இவ்வுரிமை அந்தணர் ஊரின் ஆடவருக்கு மட்டுமே கிட்டியது என்பதையும் மறத்தலாகாது.

அமெரிக்காவில் 1974இல் வெளியான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் பாத்திர விளையாட்டிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. வழியில் எதிர்ப்படும் பூதம் பகைக்குமா, நட்புக் கொள்ளுமா? இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை சொல்லும். 2 முதல் 5 வரை பகை. 6 முதல் 8 வரை ஐயம். 9 முதல் 12 வரை நட்பு. இரு பகடைகள் விழும் வகைகள் 36. அவற்றுள் பகைக்கு 10, ஐயத்துக்கு 16, நட்புக்கு 10. ஆகவே ஐயமே மிகுதியாக வரும். பூதத்தின் அச்சம், அதற்குத் தரப்படும் கையூட்டு ஆகியவற்றுக்கேற்ப எண்ணைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்.

இம்மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பாரதச் சூதில் பணயத்துக்கு எல்லையே இல்லை. குடவோலையில் தகுதி முதலிலும் தற்செயல் பின்னும் வந்தன. பாத்திர விளையாட்டிலோ அட்டவணை வரம்பு கட்டுகிறது. குடத்துக்கும் பகடைக்கும் அறிவில்லை. அவற்றைச் சூழ்ந்த விதிகளை வகுப்பவர் நாமே அன்றோ!