வைப்பு வட்டியில் கழிக்கப்பட்ட வரியைத் திரும்பப் பெறலாம்

செய்தி சேகரிக்க உடப்பு, கற்பிட்டிப் பக்கம் போகும்போதெல்லாம் என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. வருமானமே இல்லாத எங்களிடம் வங்கி ஏன் வரி பிடிக்கிறது? கேட்பவர்களில் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அனுப்பிய காசை வைப்பிலிட்ட தாய்மாரும் இருக்கிறார்கள். படகையோ காணியையோ விற்று அந்த வட்டியில் சீவிப்பவர்களும், போரில் இடம்பெயர்ந்து வந்து இக்கரையோரத்திலேயே தங்கிவிட்டவர்களும் இருக்கிறார்கள்.

எவ்வளவு கழிக்கிறார்கள்?

2023 ஜனவரி முதல் வைப்பு வட்டியில் 5 வீதம் கழிக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 1 முதல் அது 10 வீதம். 5 இலட்சம் ரூபாவை 8 வீத வட்டிக்கு வைத்தவருக்கு ஆண்டு வட்டி 40,000 ரூபா. அதில் 4,000 ரூபா வரியாகப் போய்விடும். ஒரு மீனவக் குடும்பத்துக்கு அது சிறிய தொகை அல்ல.

யார் வரி செலுத்த வேண்டியதில்லை?

2025 ஏப்ரலில் தொடங்கிய வரியாண்டிலிருந்து, ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாவைத் தாண்டாத தனிநபருக்கு வருமான வரி இல்லை. மாதக் கணக்கில் அது 150,000 ரூபா. முன்னர் இந்த எல்லை 12 இலட்சம். வட்டி மட்டுமல்ல, சம்பளம், வாடகை, தொழில் வருமானம் எல்லாவற்றையும் கூட்டித்தான் இந்தக் கணக்கு.

கழிப்பதற்கு முன்பே தடுக்கலாம்

எல்லைக்குள் இருப்பவர் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்தால் வரி கழிக்கப்படாது. அதற்கு வரி செலுத்துநர் அடையாள இலக்கம் தேவை. இரண்டு வங்கிகளில் வைப்பு இருந்தால் இரண்டிலும் கொடுக்க வேண்டும். வரியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை என்பதால், புதிய ஆண்டு பிறந்ததும் வங்கியில் விசாரிப்பது நல்லது. பொய்ப் பிரகடனம் சட்டப்படி குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம்.

கழித்துவிட்டால்?

வங்கி கழித்த பணம் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குப் போய்விடுகிறது. ஆகவே வங்கிக் கிளையில் சண்டை பிடித்துப் பயனில்லை. ஆனால் அது முற்பணமாக எடுக்கப்பட்ட வரிதான், இறுதி வரி அல்ல. செலுத்த வேண்டியதைவிடக் கூடுதலாகப் போனதைத் திரும்பக் கோர 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் இடமளிக்கிறது. வங்கியிடம் வரிக் கழிப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். வரியாண்டு முடிந்தபின் வருமான விவரத்திரட்டில் அந்தத் தொகையைக் காட்டி மீளளிப்புக் கோருங்கள். விவரத்திரட்டுக்கான இறுதி நாள் நவம்பர் 30.

சிக்கல் எங்கே?

பிடிப்பது தானாக நடக்கிறது. திருப்பிக் கொடுப்பது நாம் கேட்டால்தான் நடக்கும். படிவம் நிரப்பத் தெரியாதவரும், புத்தளத்திலிருந்து 130 கிலோமீற்றர் தாண்டிக் கொழும்புக்குப் போய்வரக் காசில்லாதவரும் 4,000 ரூபாவை விட்டுவிடுகிறார்கள். வரி கட்டவே தேவையில்லாதவர்கள் இப்படித்தான் வரி கட்டுகிறார்கள். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால், அம்மம்மாவின் வைப்புப் பத்திரத்தை இன்றே எடுத்துப் பார்க்கட்டும்.