கல்லூரி வாயிலும் கலைப் பயிற்சியும்

ஏட்டுக் கல்வி ஒன்றே கல்வியாகாது என்பது நம் முன்னோர் கண்ட முடிபு. தலைநகர் வாழ் தமிழ்க் குடும்பங்கள் இம்முடிபை இன்றளவும் போற்றி வருகின்றன. கரோல்பாக் முதல் மயூர் விஹார் வரை, மாலை வேளைகளில் பாட்டும் பரதமும் மிருதங்கமும் பயிலும் நம் பிள்ளைகளே இதற்குச் சான்று. ஆயினும் பிள்ளை பத்தாம் வகுப்பைத் தாண்டியதும், “இதனால் கல்லூரியில் இடம் கிடைக்குமா?” என்ற வினா இல்லந்தோறும் எழுகின்றது. இவ்வினாவுக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் நம் தமிழ்நாட்டுக்கும், நாம் வாழும் இத்தில்லி நகருக்கும் சிறப்பான பங்குண்டு. அதனைச் சுருங்க எடுத்துரைப்போம்.

மாணவரின் மதிப்பெண்ணோடு விளையாட்டையும் குணநலனையும் தலைமைப் பண்பையும் சேர்த்து நோக்க வேண்டும் என்ற கருத்து, 1902இல் மறைந்த செசில் ரோட்சின் உயிலில் தெளிவாக இடம்பெற்றது. ஆக்ஸ்போர்டில் பயில அவர் ஏற்படுத்திய உதவித் தொகைக்கு அதுவே விதியாயிற்று. நோக்கம் உயர்ந்ததே. ஆனால் அதே கருத்து அமெரிக்காவில் வேறோர் உருக்கொண்டது. 1920ஆம் ஆண்டுகளில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தேர்வு வழி நுழைந்த யூத மாணவர் தொகை பெருகிற்று. அதனைக் குறைக்க விரும்பினார் அதன் தலைவர் லோவல். 1922இல் வெளிப்படையாக வரம்பு விதிக்க முயன்றபோது எதிர்ப்பெழுந்தது. பின்னர், 1926இல், குணநலனும் ஆளுமையும் சேர்க்கையில் பெரிதும் கருதப்படலாயின. யூத மாணவர் தொகை சரிந்தது. வாயிலைத் திறக்க வந்த திறவுகோல், வாயிலை அடைக்கும் தாழாகவும் பயன்படக்கூடும் என்பதை இவ்வரலாறு நமக்குக் காட்டுகின்றது.

நம் நாட்டில் இவ்வழக்கு உச்ச நீதிமன்றத்தின் படியேறியது. முதலாவது, 1964இல் தீர்ப்பான சித்ரலேகா வழக்கு. மைசூர் அரசு, மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் சேர விழைவோர்க்கு நேர்முகத் தேர்வு வைத்தது. பொது அறிவு, ஆளுமை, தேசிய மாணவர் படைப் பயிற்சி, விளையாட்டு, சொற்போர், நாடகம், சமூகத் தொண்டு ஆகியன அத்தேர்வில் கருதப்பட்டன. இவற்றைக் கருதுவது தவறன்று என்று நீதிமன்றம் உரைத்தது.

இரண்டாவது வழக்கு நம் தமிழ்நாட்டினுடையது. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்முகத் தேர்வுக்கு 75 மதிப்பெண்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. விளையாட்டு அல்லது மாணவர் படை, பாடத்துக்குப் புறம்பான தொண்டு, உடல் நலம், பொதுத் திறன், நாட்டம் என ஐந்து தலைப்புகள் விதியில் இருந்தன. ஆனால் தேர்வுக் குழுவினர் தலைப்புவாரியாக மதிப்பெண் இடாமல், மொத்தமாக ஓர் எண்ணை இட்டனர். எதற்கு எத்தனை என்று எவராலும் கேட்க இயலாத நிலை. 1970இல் பெரியகருப்பன் வழக்கில், இது சட்டத்துக்குப் புறம்பானது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மூன்றாவது, ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி பற்றிய அஜய் ஹாசியா வழக்கு. அங்கே எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்முகத்துக்கு 50. அவ்வைம்பதில் பாடப்புறச் செயல்களுக்கு 10. ஆனால் ஒவ்வொரு மாணவரையும் கண்டு பேசிய நேரமோ இரண்டு மூன்று நிமிடங்களே! கேட்கப்பட்டவையோ பெற்றோரையும் ஊரையும் பற்றியவை. இரண்டு நிமிடத்தில் ஒரு பிள்ளையின் பத்தாண்டுப் பயிற்சியை எவர்தாம் எடைபோட வல்லார்? நேர்முகத்துக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்று நீதிபதி பகவதி எழுதினார். கலையும் தொண்டும் மதிக்கத் தக்கனவே. பிழை அளக்கும் கோலில் இருந்தது என்பதே மூன்று தீர்ப்புகளும் சேர்ந்து உணர்த்தும் பொருள்.

இனி நம் தில்லிக்கு வருவோம். 1922இல் தோன்றிய தில்லிப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பள்ளி இறுதி மதிப்பெண்ணே வாயிற்காவலனாக நின்றது. 2011இல் ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி, பள்ளியில் வணிகவியல் பயிலாதார்க்கு 100 விழுக்காடு வேண்டும் என அறிவித்ததை நம்மிற் பலர் மறந்திரார். 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு அவ்விடத்தைப் பற்றியது. இரு காலத்திலும் கலைக்கும் விளையாட்டுக்கும் தனி வழி ஒன்று இருந்து வந்துள்ளது. இவ்விரண்டிற்குமாகக் கல்லூரியின் மொத்த இடங்களில் 5 விழுக்காட்டுக்கு மேற்படாத மிகை இடங்கள் உள்ளன. இசை, நடனம், நாடகம், சொற்போர், ஓவியம், யோகம் முதலியவற்றோடு மாணவர் படையும் நாட்டு நலப்பணித் திட்டமும் இதில் அடங்கும். புதிய முறையில் கலை வழியே சேர்வோர்க்கு நுழைவுத் தேர்வு 25 பங்கும், கலைத் திறன் 75 பங்குமாகக் கணக்கிடப்பட்டது. பாடுவோர் பாடிக் காட்டவும் ஆடுவோர் ஆடிக் காட்டவும் தனித் தேர்வு உண்டு. இரண்டு நிமிட உரையாடலினும் இது நேர்மையான அளவுகோல் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் கணக்கை மறத்தலாகாது. நூற்றுக்கு ஐந்து, அவ்வைந்தையும் விளையாட்டும் கலையும் பகிர்ந்துகொள்ள வேண்டும், கலையோ பல பிரிவினது. ஆகவே ஓர் இடத்தை எண்ணிப் பிள்ளையைப் பத்தாண்டு ஆடவைக்கும் பெற்றோர், பெரும்பாலும் ஏமாற்றமே எய்துவர். ஆட்டத்தின் இன்பத்துக்காக ஆடவைத்தோர் ஏமாறுவதற்கு இடமில்லை.

மற்றொன்றும் நம் நெஞ்சை உறுத்துகின்றது. இசை வகுப்புக்குக் கட்டணம் செலுத்த வல்லார்க்கே இவ்வழி எளிதாகின்றது. ஜங்புராவின் மதராசி முகாமில் தலைமுறைகளாக வாழ்ந்த நம் தமிழ் உழைப்பாளர் குடியிருப்புகள் 2025 ஜூன் முதல் நாளன்று இடிக்கப்பட்டன. அங்கே வளர்ந்த பிள்ளைக்குக் குரல் வளம் இல்லையா? குரலைப் பண்படுத்தும் ஆசானும் நேரமுமே இல்லை. 1948இல் சட்டமான தேசிய மாணவர் படையும், காந்தியடிகள் நூற்றாண்டாகிய 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டமும் பணம் படைத்தோர்க்கு மட்டும் உரியன அல்ல. இவற்றையேனும் எளிய பிள்ளைகள் அறியச் செய்தல் நம் கடமை.

1946இல் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கமும், அதற்கும் முன்பே எழுந்த நம் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளும் நமக்கு மேடை தந்துள்ளன. அம்மேடையில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளையோடு வசதியற்ற வீட்டுப் பிள்ளையும் ஏறட்டும். கலை கற்றோர் வாரத்தில் ஒரு நாள் கட்டணமின்றிக் கற்பிக்க முன்வரட்டும். கல்லூரி வாயில் திறப்பினும் திறவாவிடினும், கற்ற கலை பிள்ளையை விட்டு நீங்காது. அதனை எல்லார்க்கும் உரியதாக்குவோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் இளைய தலைமுறை!