கொலைகளைத் தொடுப்பவர் யார்? பி. டி. ஜேம்ஸ் நாவலில் ஒரு விருந்தும் ஒரு கோப்பும்

பி. டி. ஜேம்ஸ் 1989இல் எழுதிய ‘டிவைசஸ் அண்ட் டிசையர்ஸ்’ நாவலை, அகதா கிறிஸ்டியின் ‘ஏபிசி மர்டர்ஸ்’ (1936) போட்ட பாதையில் நடந்த நாவல் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். இரண்டிலும் கொலைகள் பல. ஆனால் சொந்தக் காரணத்தோடு செய்யப்பட்ட கொலை ஒன்றே. அது மற்றவற்றின் கும்பலில் ஒளிந்துகொள்கிறது. ஒப்புமை சரிதான். ஆனால் அதோடு நின்றுவிட்டால், ஜேம்ஸ் எதைக் கேள்விக்குள்ளாக்குகிறார் என்பது கைநழுவிப் போகும். இந்தச் சாவுகளெல்லாம் ஒரே கையின் வேலை என்று தீர்மானிப்பவர் யார், எதை வைத்துத் தீர்மானிக்கிறார் என்பதே அவருடைய விசாரணை.

கிறிஸ்டியிடம் இந்தக் கேள்வி எழவே இல்லை. ஆண்டோவரில் ஆஷர், பெக்ஸ்ஹில்லில் பார்னர்ட், சர்ஸ்டனில் கிளார்க் என்று ஆங்கில அகரவரிசையில் ஊரும் ஆளும் சாகிறார்கள். ஒவ்வொரு உடலருகிலும் ஒரு ரயில் கால அட்டவணை கிடக்கிறது. வரிசையைக் கட்டுவதும் கொலையாளியே, அதைத் தபாலில் அறிவிப்பதும் அவனே. கடிதங்கள் ஸ்காட்லாந்து யார்டுக்குப் போகாமல் துப்பறிவாளர் பொய்ரோவுக்கு வருவதன் காரணம் கடைசியில்தான் விளங்கும். மூன்றாவது கடிதம் தாமதமாக வந்தாக வேண்டும். தனிமனிதர் ஒருவரின் விலாசத்தைத் தவறாக எழுதினால் கடிதம் ஊர் சுற்றிவிட்டு வரும். ஸ்காட்லாந்து யார்டுக்கு எழுதியதோ எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும். கிறிஸ்டியின் நுட்பங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது. ஆனால் இந்த நுட்பம், காவல்துறை என்ற பெரிய இயந்திரத்தை வாசலிலேயே நிறுத்திவைத்தால்தான் பலிக்கும்.

இரண்டு நாவல்களுக்கும் நடுவே யார்க்ஷயர் தொடர்கொலை வழக்கு இருக்கிறது. 1975 முதல் 1980 வரை 13 பெண்களைக் கொன்ற பீட்டர் சட்கிளிஃபைப் போலீசார் ஒன்பது முறை விசாரித்தும் விட்டுவிட்டார்கள். லீட்ஸ் மில்கார்த் நிலையத்து விசாரணை அறையில் அட்டைகள் மலையாகக் குவிந்தன. ஓர் அட்டைக்கும் இன்னோர் அட்டைக்கும் உள்ள உறவைக் கண்டுபிடிக்க வழியில்லை. அந்த விசாரணையை ஆராய்ந்த பைஃபோர்டு அறிக்கை இந்தக் குளறுபடிகளைப் பட்டியலிட்டது. இவற்றைச் சரிசெய்ய 1980களின் நடுவில் கொண்டுவரப்பட்ட கணினி முறைக்கு ‘ஹோம்ஸ்’ என்ற சுருக்கப்பெயர் வரும்படி முழுப்பெயரைச் சற்று வளைத்து வைத்தார்கள். துறைக்கும் கற்பனை நாயகர்கள் தேவைப்பட்டார்கள் போலும்.

நம் விவாதத்துக்கு முக்கியமானது வேறொரு தவறு. தானே கொலையாளி என்று பொய் சொல்லி ஒருவர் 1978இலும் 1979இலும் அனுப்பிய கடிதங்களும் அதன்பின் அனுப்பிய ஒலிநாடாவும், பிரெஸ்டனில் 1975இல் கொல்லப்பட்ட ஒரு பெண்ணின் சாவையும் கொலையாளியின் கணக்கில் சேர்த்தன. கொலையாளிக்கு மட்டுமே தெரியக்கூடிய விவரங்கள் கடிதத்தில் இருப்பதாக அதிகாரிகள் நம்பினார்கள். அவை ஏற்கெனவே பத்திரிகைகளில் வந்திருந்தவை. ஒலிநாடாவில் இருந்தது வியர்சைடு வட்டாரப் பேச்சு. பிராட்ஃபோர்டுக்காரரான சட்கிளிஃப் அதனாலேயே சந்தேக வட்டத்துக்கு வெளியே நின்றார். மறுபுறம், 1975இல் சில்ஸ்டன் அருகே தாக்கப்பட்டு உயிர்பிழைத்த 14 வயதுச் சிறுமியின் வழக்கு வரிசைக்குள் சேர்க்கப்படவே இல்லை. சேர்க்க வேண்டாததைச் சேர்த்தார்கள், சேர்க்க வேண்டியதை விட்டார்கள். தொடர்கொலை என்பது காவல்துறை எழுதும் ஓர் ஆவணம். எழுதுகிறவர் தவறினால் தொடரும் தவறும்.

1968 முதல் 1979 வரை பிரிட்டிஷ் உள்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ், முதலில் அதன் காவல் பிரிவில்தான் இருந்தார். அந்த வழக்கிலிருந்து அவர் நாவலை எடுத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கோப்புகள் எப்படி உருவாகின்றன என்பது அவருக்கு உள்ளிருந்தே தெரியும். அவருடைய நாவலில், நார்ஃபோக் கடற்கரையில் ‘விஸ்லர்’ என்று அழைக்கப்படும் ஒருவன் இளம்பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொல்கிறான். உடலில் அவன் விட்டுச்செல்லும் அடையாளங்களைப் போலீசார் வெளியே சொல்லவில்லை. அந்தச் சமயத்தில் அப்பகுதியில் வசிக்கும் ஆலிஸ் மேர் வீட்டில் ஒரு விருந்து. வழியில் விஸ்லர் கொன்ற ஒரு பெண்ணின் பிணத்தைக் கண்ட லெஸ்ஸிங்ஹாம் என்ற விருந்தினன் தாமதமாக வந்து சேருகிறான். பதற்றத்தில், கண்டதை மேசையைச் சுற்றி இருந்தவர்களிடம் கொட்டிவிடுகிறான். கேட்டவர்களில் ஸ்காட்லாந்து யார்டு கமாண்டர் டால்கிலீஷும் ஒருவர். துறை பூட்டிவைத்திருந்த ரகசியம் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது. பிறகு அணுமின் நிலைய அதிகாரி ஹிலரி ராபர்ட்ஸ் அதே பாணியில் கொல்லப்படும்போது, உள்விவரம் யார் யாருக்குத் தெரியும் என்பதே சந்தேகப் பட்டியலாகிவிடுகிறது. டால்கிலீஷின் நிலை விசித்திரமானது: விருந்தில் இருந்தவரும் அவரே, கடற்கரையில் ராபர்ட்ஸின் பிணத்தைக் கண்டவரும் அவரே. விசாரணையோ உள்ளூர் அதிகாரி ரிக்கார்ட்ஸின் கையில்.

கிறிஸ்டியின் கொலையாளி ஒரு வரிசையை உருவாக்கித் துறைக்குக் கொடுக்கிறான். ஜேம்ஸின் கொலையாளியோ துறையிடமிருந்து கசிந்த வரிசையைக் கடன்வாங்குகிறாள். அதனால்தான் அந்த விருந்துக் காட்சியை நாவலின் அச்சாணி என்கிறேன். சாட்சியம் எப்படிப் பொதுச்சொத்தாகிறது, ஆகும்போது எப்படி மதிப்பிழக்கிறது என்பதை இவ்வளவு சாதாரணமான சூழலில் காட்டியது ஜேம்ஸின் சாதனை. அணுமின் நிலையத்தைச் சுற்றிய சதித்திட்டக் கிளைக்கதை இந்தத் தரத்தில் இல்லை; அதை வெட்டியிருந்தாலும் நாவல் கெட்டிருக்காது.

இதுவும் விஸ்லரின் கொலையே என்ற பாவனையை உடைப்பது டால்கிலீஷின் கூர்மதி அல்ல, நேரம். ராபர்ட்ஸ் கொல்லப்படுவதற்கு முன்பே விஸ்லர் ஒரு விடுதி அறையில் தற்கொலை செய்துகொண்டிருந்தான். இதை வசதியான தற்செயல் என்று குறைசொல்ல இடமுண்டு. நான் அதை வேறுவிதமாகப் படிக்கிறேன். அவன் இன்னும் ஓர் இரவு உயிரோடு இருந்திருந்தால், ராபர்ட்ஸின் பெயர் அவன் கோப்பில் ஏறியிருக்கும். அதை எடுத்துவிடச் சொல்ல ரிக்கார்ட்ஸிடம் வலுவான காரணம் எதுவும் இருந்திருக்காது. நிஜ வழக்கிலும் அப்படித்தான்: பிரெஸ்டன் கொலையைச் செய்தவர் வேறொருவர் என்பதை டிஎன்ஏ சோதனை உறுதிசெய்தது 2011இல்தான்.