மேலடுக்குக் குரோஷா மண்டலா

மேலடுக்குக் குரோஷா மண்டலா என்பது ஒற்றைக் கொக்கி ஊசியால் நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாகப் பின்னப்படும் அலங்கார வட்டம். சாதாரண குரோஷாவில் ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் விளிம்பிலேயே அமரும். மேலடுக்கு முறையிலோ சில கண்ணிகள் ஒன்றிரண்டு சுற்று கீழே இறங்கி, துணியின் முகப்பில் படிந்து, இதழாகவும் சடையாகவும் புடைத்து நிற்கும். சுவர் அலங்காரம், மேசை விரிப்பு, தலையணை உறை ஆகியவற்றுக்கு ஏற்றது.

அமைப்பு

ஒவ்வொரு கண்ணியின் தலையிலும் இரண்டு இழைகள் உண்டு. அடித்தளத்தைப் பின்னிழையில் மட்டும் பின்னினால் முன்னிழை முகப்பில் வெறுமனே நிற்கும். பின்வரும் சுற்றில் உயரமான கண்ணியை அந்த முன்னிழையில் கோப்பதே மேலடுக்கு. வேலை முழுவதும் நல்ல பக்கத்திலேயே நடக்கும், துணியைத் திருப்புவதில்லை.

தேவையானவை

பருத்தி நூல், அதன் பருமனுக்கேற்ற ஊசி, கத்தரிக்கோல், நுனி செருகும் ஊசி. செஞ்சி போன்ற வெயில் ஊர்களின் வீடுகளில் கம்பளி நூலைவிடப் பருத்தி நூலே வசதி. கண்ணிகளும் தெளிவாகத் தெரியும். அடர் நிற நூலை முதலில் நனைத்து, சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பின்னும் முறை

முதல் சுற்றில் 6 சிங்கிள் (குட்டையான) கண்ணிகள், இரண்டாவதில் 12, மூன்றாவதில் 18. இரண்டாம் சுற்றிலிருந்து பின்னிழையில் மட்டும் பின்ன வேண்டும். நான்காம் சுற்றில் 24 கண்ணிகள்: 12 சிங்கிள், அவற்றுக்கு இடையிடையே, இரண்டாம் சுற்றின் முன்னிழைகளில் கோத்த 12 டபுள் (உயரமான) கண்ணிகள். இந்த டபுள்களே இதழ்கள். 24 என்ற கணக்குக்காக மூன்றாம் சுற்றின் கண்ணிகளில் மூன்றுக்கு ஒன்றைத் தொடாமல் விட்டு, மற்ற இரண்டில் சிங்கிள் போட வேண்டும். விட்ட கண்ணி இதழின் பின்னே மறைந்துவிடும்.

இதழை இறுக்கி இழுத்தால் வட்டம் கிண்ணமாகக் குவியும். கண்ணிகள் கூடினால் விளிம்பு அலையாகும். அதனால் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எண்ணிப் பார்ப்பதே இக்கலையின் முதல் ஒழுக்கம். சுற்றுக்கொரு நிறம் மாற்றினால் நூல் நுனிகள் பெருகும். அவற்றைப் பின்புறம் செருகிவிட வேண்டும். முடிந்ததை நனைத்து, குண்டூசிகளால் தட்டையாக இழுத்துக் குத்தி உலர்த்தினால் வடிவம் நிலைக்கும்.

தென்னிந்தியாவில் நூல்வேலை

1820-களில் நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது குரோஷா அல்ல, திண்டில் பின்னும் லேஸ். அந்த வருமானத்தைக் கொண்டு அடிமைப் பெண்கள் சிலர் தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றனர். ஆந்திரத்தின் நரசாபுரம் குரோஷா லேஸ் 2024-இல் புவிசார் குறியீடு பெற்றது. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழுவினர் தாம் பின்னிய துண்டுகளை இணைத்து 11,148.5 சதுர மீட்டர் போர்வையாக விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தனர். வீட்டு மூலையில் தனியே செய்யும் வேலையாகக் கருதப்பட்ட குரோஷா, கூட்டு உழைப்பால் எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு அது சான்று.