ஒரு ஷில்லிங் போர்க்கதைகள்

1958 செப்டம்பரில் இங்கிலாந்தில் ‘வார் பிக்சர் லைப்ரரி’ என்னும் சித்திரக்கதை வரிசை தோன்றியது. கையடக்கமான 64 பக்கம். விலை ஒரு ஷில்லிங். 1961-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரிலிருந்து ‘கமாண்டோ’ புறப்பட்டது. முன்னது 2,103 இதழ்களுடன் 1984-இல் நின்றது. பின்னது இன்றும் வெளிவருகிறது.

எழுதியவர், வரைந்தவர் பெயர்களை அந்நாளில் அச்சிட்டாரில்லை. பின்னர்ப் புகழெய்திய இத்தாலிய ஓவியர் ஹ்யூகோ பிராட்டும் அவர்களுள் ஒருவர். இதழ்களை வரிசையாக வைத்து ஒப்புநோக்கின், கோட்டின் சாயலே ஆளைக் காட்டும். உதிரிப் பிரதிகளால் அது இயலாது.

தொடக்க இதழ்கள் விலை மிக்கவை. எனினும் எளியோர் தளர வேண்டுவதில்லை. எண்வரிசைப் பட்டியல் எழுதிக்கொண்டு, மலிவான பிற்கால இதழ்களைக் கட்டாக வாங்குதல் நன்று. அட்டை கசங்கினும் பக்கம் குறையாத பிரதி போதும். கிட்டாத கதைகள் சிலவற்றுக்கு மறுபதிப்பு உண்டு. பெயரின்றி உழைத்தோரை நாம் அறிய அதுவே வழி.